காசோலை வந்தது, கம்பெனி இல்லை!

ஆண்டுதோறும் உங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கும். நீங்களும் ஏதாவது ஒன்றைச் செய்து வைத்திருப்பீர்கள். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி, மண்ணின் ஈரத்தை அறிந்து சொட்டுநீர்க் குழாயைத் திறக்கும் அமைப்பு, மதிப்பெண் பட்டியல் போடும் கணிப்பொறி நிரல், இப்படி ஏதோ ஒன்று. பரிசும் கிடைத்திருக்கலாம். சரி, அப்புறம் அது எங்கே போயிற்று? பெரும்பாலும் ஆய்வுக்கூட அலமாரியின் மேல்தட்டுக்குத்தான். அடுத்த ஆண்டு அதிலிருந்த மோட்டாரைக் கழற்றி வேறொரு மாணவர் வேறொன்று செய்திருப்பார்!

இதில் தவறொன்றும் இல்லை. கற்றுக்கொடுப்பதுதான் அதன் வேலை. அதை அது செய்துவிட்டது. ஆனால் மாணவர் செய்த சில ஆய்வுகள் அலமாரிக்குப் போகாமல் கம்பெனிகளாக மாறியிருக்கின்றன. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் பொறியியல் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் 'ஸ்டார்ட்-அப்' என்றும் 'ஃபண்டிங்' என்றும் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். யாரோ ஒருவர் கோடிக்கணக்கில் பணம் தருகிறாராம். யார் அவர்? ஏன் தருகிறார்? வட்டி என்ன? கம்பெனி மூழ்கிப்போனால் வீடு தேடி வந்து கேட்க மாட்டாரா?

உலகம் முழுவதும் அறிந்த ஒரு மாணவர் ஆய்வைக் கொண்டு இக்கேள்விகளுக்கு விடை காண்போம். அது நடந்தது அமெரிக்காவில். ஆனால் சென்னையில் படித்த சிலரும் நடுவில் வருகிறார்கள்.

மண்டியில் ஒரு கணக்கு

1996ஆம் ஆண்டு. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு மாணவர்கள் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தனர். அப்போதே ஆல்டாவிஸ்டா, எக்ஸைட் போன்ற தேடுபொறிகள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் சொற்களைத்தான் எண்ணின. 'மஞ்சள்' என்று தேடினால், அச்சொல் அதிகமாக வரும் பக்கம் முன்னால் வந்து நிற்கும். யாராவது ஒரு குறும்பர் தம் பக்கத்தில் 'மஞ்சள், மஞ்சள், மஞ்சள்' என்று நூறு முறை எழுதி வைத்தால் அவர்தாம் முதலிடம்!

இப்போது ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு வாருங்கள். அந்தியூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் முதன்முறையாக மூட்டைகளோடு வருகிறார். நாணயமான வியாபாரி யார் என்று அவருக்குத் தெரியாது. எந்தப் பெயர்ப் பலகையில் 'நாணயம்' என்ற சொல் அதிகம் இருக்கிறது என்றா எண்ணிக்கொண்டிருப்பார்? நாலு பேரை விசாரிப்பார். அந்த நாலு பேர் சொல்லையும் ஒரே எடையாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார். பலரும் மதிக்கும் ஒருவர் கைகாட்டினால் அதற்குத் தனி மதிப்பு. பார்ப்பவர்களையெல்லாம் 'நல்லவர்' என்று சொல்கிறவரின் பரிந்துரைக்கு மதிப்புக் குறைவு.

இதையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். அ, ஆ, இ என மூன்று வியாபாரிகள். 'அ' மற்ற இருவரையும் பரிந்துரைக்கிறார். 'ஆ' என்பவர் 'இ'யை மட்டும் கைகாட்டுகிறார். 'இ' என்பவர் 'அ'வை மட்டும். ஆளுக்கு 30 மதிப்பெண் கொடுத்துத் தொடங்குவோம். ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள மதிப்பெண்ணைத் தாம் கைகாட்டுகிறவர்களுக்குச் சமமாகப் பிரித்துத் தர வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் அ 30, ஆ 15, இ 45. மறுபடியும் பிரியுங்கள்: அ 45, ஆ 15, இ 30. பென்சிலை எடுத்துத் தொடர்ந்து போட்டுக்கொண்டே போனால், ஏற்ற இறக்கம் குறைந்து குறைந்து 36, 18, 36 என்ற எண்களை நெருங்கி நின்றுவிடும். சரிதானா என்று நீங்களே பார்க்கலாம்: 'அ'வின் 36-ல் பாதி 'ஆ'வுக்கு 18, மறு பாதி 18-உம் 'ஆ' தரும் 18-உம் சேர்ந்து 'இ'க்கு 36, 'இ' தன் 36-ஐ 'அ'வுக்குத் தருகிறார். இனி எத்தனை சுற்றுப் போட்டாலும் மாறாது.

வியாபாரிகளுக்குப் பதில் இணையப் பக்கங்கள், பரிந்துரைக்குப் பதில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் இணைப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஜும் பிரினும் செய்தது இதுதான். எங்கும் இணைப்புத் தராத பக்கங்களும், தமக்குள்ளேயே கைகாட்டிக்கொள்ளும் கூட்டங்களும் கணக்கைக் கெடுக்காமலிருக்கச் சிறு திருத்தம் ஒன்றும் சேர்த்தார்கள். முறைக்குப் 'பேஜ் ரேங்க்' என்று பெயர். 'பேஜ்' என்றால் பக்கம். ஆய்வாளரின் பெயரும் அதுவே!

கருத்து எளிது. ஆனால் மூன்று வியாபாரிகளுக்குப் போட்ட கணக்கை இரண்டு கோடியே நாற்பது லட்சம் பக்கங்களுக்குப் போட வேண்டியிருந்தது. 1998-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கூறும் எண்ணிக்கை அது. அத்தனையையும் சேமிக்க இடம் வேண்டுமே! நான்கு கிகாபைட் வட்டுகள் பத்தை வாங்கி, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் பெட்டி கட்டி அதற்குள் அடுக்கினார்கள். பத்தும் சேர்ந்தால் 40 கிகாபைட். இன்று ஒரு சாதாரணக் கைபேசியே அதைவிட அதிகம் கொள்ளும். ஆய்வுச் செலவில் ஒரு பகுதி அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தந்த மானியம்.

இதுவரை இது மாணவர் ஆய்வுதான். 'வேலை செய்கிறதா?' என்ற ஒரே கேள்விக்கு 'ஆம்' என்று விடை கிடைத்துவிட்டது.

வங்கியில் போட முடியாத பணம்

அதே ஸ்டான்ஃபோர்டில், அதே தரவுத்தள ஆய்வுக் குழுவில், சற்று முன்னதாகவே வேறொன்று நடந்திருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அங்கே ஆய்வு மாணவர்களாயிருந்த வெங்கி ஹரிநாராயணும் ஆனந்த் ராஜாராமனும் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து 1996-ல் 'ஜங்லி' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பல இணையதளங்களில் சிதறிக் கிடக்கும் வேலை விளம்பரங்களையும் பொருள்களின் விலைகளையும் திரட்டி ஒரே அட்டவணை போலக் காட்டுவது அதன் வேலை. இரண்டே ஆண்டில், 1998-ல், அமேசான் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. அப்போது ஜங்லியின் தலைவராக இருந்தவர் ராம் ஸ்ரீராம். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர்.

பேஜும் பிரினும் முதலில் கம்பெனி தொடங்க விரும்பவில்லை. தம் கண்டுபிடிப்பை ஏற்கெனவே இருந்த தேடுபொறி நிறுவனங்களில் ஒன்றுக்கு விற்றுவிட்டுப் படிப்பை முடிக்கலாம் என்றுதான் நினைத்தார்கள். யாரும் வாங்கவில்லை! தேடித் தந்ததும் பயனர் வேறு தளத்துக்குப் போய்விடுவாரே, அதற்கு எதற்குச் செலவு என்பது அக்காலத்து எண்ணம்.

1998 ஆகஸ்டில் ஒரு நாள் காலை, பேராசிரியர் டேவிட் செரிட்டனின் வீட்டுத் திண்ணையில் ஆண்டி பெக்டோல்ஷைம் என்பவரிடம் தங்கள் தேடுபொறியைச் செய்து காட்டினார்கள். பெக்டோல்ஷைம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். அந்தச் 'சன்'னும் அவர் ஸ்டான்ஃபோர்டில் மாணவராயிருந்தபோது வடிவமைத்த கணிப்பொறியிலிருந்து 1982-ல் பிறந்ததே. பார்த்தவுடன் அவர் ஒரு லட்சம் டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டார். யார் பெயருக்கு? 'கூகுள் இன்க்.' என்ற கம்பெனியின் பெயருக்கு.

இங்கேதான் வேடிக்கை. அப்படி ஒரு கம்பெனியே இல்லை! பெயர் இருந்தது, நிரல் இருந்தது, வட்டுகள் இருந்தன. கம்பெனி இல்லை. காசோலை சில வாரங்கள் மேசை இழுப்பறையில் கிடந்தது. 1998 செப்டம்பர் 4 அன்று கம்பெனியைப் பதிவு செய்த பிறகே வங்கிக் கணக்குத் தொடங்கி அதைப் போட முடிந்தது.

ஏன் அப்படி? சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது ஒரு தனி 'ஆள்'. அதை நடத்தும் மனிதர்கள் வேறு, கம்பெனி வேறு. அதன் பெயரில் சொத்து இருக்கலாம், கடன் இருக்கலாம், வழக்கும் இருக்கலாம். பிறந்து பதிவான பிறகே அந்த ஆள் பணம் வாங்க முடியும். நம் நாட்டிலும் அப்படித்தான். இங்கே 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்கிறார்கள். (ஒரு செய்தி: 18 வயது நிறையாதவர் கம்பெனி இயக்குநராக முடியாது. ஆகவே பத்தாம் வகுப்பிலேயே விசிட்டிங் கார்டு அச்சடிக்க அவசரப்பட வேண்டாம்!)

பெக்டோல்ஷைமைத் தொடர்ந்து செரிட்டனும், ராம் ஸ்ரீராமும், அமேசானின் ஜெஃப் பெசோஸும் பணம் போட்டார்கள். உற்றார் நண்பர்கள் தந்ததும் சேர்த்து ஏறத்தாழப் பத்து லட்சம் டாலர் திரண்டது. ஸ்ரீராம் கூகுளின் முதல் இயக்குநர் குழுவிலும் இடம் பெற்றார்.

கொடையா, கடனா, பங்கா?

இந்தப் பணத்துக்கு வட்டி உண்டா? இல்லை. திருப்பித் தர வேண்டுமா? வேண்டியதில்லை. அப்படியானால் தருமமா? அதுவும் இல்லை!

ஒருவருடைய திறமைக்கு மற்றொருவர் மூன்று வகையில் பணம் தரலாம். முதலாவது கொடை. இதற்குச் சான்று ஈரோட்டிலேயே பிறந்தவரிடம் இருக்கிறது. கணித மேதை இராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். வேலையின்றி நோட்டுப் புத்தகங்களோடு அலைந்த அவருக்கு, நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து உதவினார். 'உங்கள் தேற்றங்களில் எனக்கு ஐந்திலொரு பங்கு' என்று அவர் கேட்கவில்லை. அரசு தரும் ஆராய்ச்சி மானியமும் இந்த வகையே.

இரண்டாவது கடன். நம் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதே இல்லை. சித்தோட்டில் நாலு விசைத்தறி வாங்க வேண்டுமென்றால் பத்திரத்தை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்குகிறோம். தறி ஓடினாலும் நின்றாலும் தவணை கட்ட வேண்டும். கொடுத்தவருக்கு அசலும் வட்டியும் வந்தால் போதும். உங்கள் இலாபம் பத்து மடங்கானாலும் அவருக்கு அதே வட்டிதான்.

மூன்றாவது பங்கு. பணம் தருகிறவர் கம்பெனியின் உரிமையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறார். கம்பெனி மூழ்கினால் அவர் பணமும் மூழ்கும். உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. கம்பெனி உயர்ந்தால் அவர் பங்கின் மதிப்பும் உயரும். புதிய கம்பெனிகளில் இப்படிப் பணம் போடுவதைத் துணிகர முதலீடு என்கிறோம்.

கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். இரு மாணவர்கள் கம்பெனி தொடங்கி ஆளுக்கு 5,000 பங்கு வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு முதலீட்டாளர் 25 லட்சம் ரூபாய் தந்து ஐந்தில் ஒரு பகுதி கேட்கிறார். மாணவர்கள் தம் பங்கை விற்பதில்லை. கம்பெனி 2,500 புதிய பங்குகளை வெளியிட்டு அவருக்குத் தருகிறது. இப்போது மொத்தம் 12,500. ஒரு பங்கின் விலை 1,000 ரூபாய். முழுக் கம்பெனியின் மதிப்பு ஒன்றேகால் கோடி. ஒவ்வொரு மாணவரின் பகுதியும் நூற்றுக்கு 50 என்பதிலிருந்து 40 ஆகிவிட்டது.

இரண்டு ஆண்டு கழித்து, கம்பெனி வளர்ந்த பிறகு, இன்னொருவர் 5 கோடி தந்து ஐந்தில் ஒரு பகுதி வாங்குகிறார். புதிய பங்குகள் 3,125, மொத்தம் 15,625. பங்கின் விலை 16,000 ரூபாய். கம்பெனியின் மதிப்பு 25 கோடி. மாணவர் ஒவ்வொருவரும் இப்போது நூற்றுக்கு 32 மட்டுமே. ஆனால் அந்த 32-இன் மதிப்பு 8 கோடி! முதலில் 25 லட்சம் போட்டவரின் பங்கு 4 கோடி.

அவசரப்பட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். இந்த 8 கோடி காகிதத்தில்தான் இருக்கிறது. யாராவது அந்த விலைக்கு வாங்கும் வரை அதைக் கொண்டு ஒரு கிலோ மஞ்சள்கூட வாங்க முடியாது. அதோடு, மாணவர்கள் இருவரும் சேர்ந்தால்தான் நூற்றுக்கு 64. மூன்றாம் முறை, நான்காம் முறை பணம் வாங்கினால் பாதிக்கும் கீழே போய்விடலாம். அப்போது 'இந்தக் கம்பெனி என்ன செய்ய வேண்டும்' என்று முடிவு செய்வது அவர்கள் மட்டுமல்ல. பணம் தந்தவர் வட்டி கேட்கவில்லை என்று சொன்னோமல்லவா? அதற்குப் பதிலாகப் பெறுவது இந்த உரிமையைத்தான்.

ஜமுக்காளத்துக்கு ஏன் தருவதில்லை?

பவானி ஜமுக்காளம் புகழ்பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் துணிகர முதலீட்டாளர்கள் ஜமுக்காளத் தறிக்கு அல்லாமல் மென்பொருளுக்கே ஓடுகிறார்கள். இது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. நூறு ஜமுக்காளம் நெய்ய நூறு ஜமுக்காளத்துக்கான நூலும் உழைப்பும் வேண்டும். ஆயிரத்துக்கு அதைப்போல் பத்து மடங்கு. மென்பொருளோ முதல் பிரதிக்குத்தான் பெருஞ்செலவு. அதன்பின் ஒரு லட்சம் பேர் பயன்படுத்தினாலும் ஒரு பிரதிக்கான கூடுதல் செலவு மிகச் சிறியது. ஆகவே வென்றால் வெற்றி மிகப் பெரிதாக இருக்கும்.

பெரும்பாலானவை வெல்லாது என்பதும் முதலீட்டாளருக்குத் தெரியும். பத்துக் கம்பெனிகளில் ஆளுக்கு ஒரு கோடி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு அடியோடு மூழ்குகின்றன. இரண்டு போட்ட பணத்தை மட்டும் தருகின்றன. ஒன்று முப்பது மடங்காகிறது. கூட்டிப் பாருங்கள்: போட்டது 10 கோடி, வந்தது 32 கோடி. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மூழ்கிய ஏழில் ஒன்று உங்களுடையதாக இருந்தால்? அவருக்குப் பத்துக் கம்பெனிகள், உங்களுக்கு ஒன்றுதான். பணம் அவருடையது; மூன்று நான்கு ஆண்டு இளமை உங்களுடையது. பேஜும் பிரினும்கூட முனைவர் பட்டத்தைக் கடைசிவரை முடிக்கவில்லை. அவர்களுக்கு அது பொறுக்கக்கூடிய இழப்பாகிவிட்டது. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை.

வீட்டுப் பத்திரத்தை வைத்து மகனின் மென்பொருள் கம்பெனிக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோரும் நம் ஊர்களில் உண்டு. தறிக்குக் கடன் வாங்குவது வேறு. நாளையே தறி ஓடும், துணி விற்கும். பத்தில் ஏழு மூழ்கக்கூடிய முயற்சிக்கு, மூழ்கினாலும் தாங்கக்கூடியவர் பணம்தான் ஏற்றது. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

1999 ஜூனில் கிளைனர் பெர்க்கின்ஸ், செக்கோயா என்ற இரு துணிகர முதலீட்டு நிறுவனங்கள் கூகுளில் இரண்டரைக் கோடி டாலர் போட்டன. அப்போதும் கூகுளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் இல்லை. அதே ஆண்டில் எக்ஸைட்டுக்கு விற்க முன்வந்ததும், எக்ஸைட் வேண்டாமென்றதும் நடந்தன! 2000-ல்தான் தேடலுக்குப் பக்கத்தில் சிறு விளம்பரங்கள் விற்கும் வழியைப் பிடித்தார்கள். 2001-ல் முதன்முறையாக இலாபம். இதில் ஒரு முரண். விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி பயனர் பக்கம் நில்லாமல் விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998-ல் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்தவர்களும் இதே இருவர்தாம். மாணவராயிருந்து எழுதுவது ஒன்று, பங்குதாரர்களுக்குப் பதில் சொல்வது ஒன்று.

பொருள் யாருடையது?

பலரும் மறந்துவிடும் கேள்வி இது. பேஜ் ரேங்க் முறைக்குக் காப்புரிமை வாங்கியது யார்? பேஜ் அல்ல, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம்! அங்கே மாணவராக, அங்குள்ள கணிப்பொறிகளில், மானியப் பணத்தில் செய்த ஆய்வு அல்லவா? கண்டுபிடித்தவர் பெயர் பேஜ், உரிமையாளர் ஸ்டான்ஃபோர்டு. அதைப் பயன்படுத்தும் உரிமத்துக்காகக் கூகுள் தன் பங்குகளில் 18 லட்சத்தைப் பல்கலைக்கழகத்துக்குத் தந்தது. 2004-ல் கூகுள் பங்குச் சந்தைக்கு வந்தது. பல்கலைக்கழகம் தன் பங்குகளை விற்று மொத்தம் ஏறத்தாழ 33 கோடியே 60 லட்சம் டாலர் பெற்றது.

நம் நாட்டில் கணிப்பொறி நிரலை நிரல் என்ற அளவில் மட்டும் காப்புரிமை செய்ய முடியாது; 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அதை விலக்குகிறது. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிரலைக் கதை கட்டுரை போலவே பாதுகாக்கிறது. எழுதியவருக்குத்தான் உரிமை. எழுதியவர் யார் என்பதில்தான் வில்லங்கமே! நாலு பேர் சேர்ந்து செய்த கல்லூரித் திட்டம். ஒருவர் நிரல் எழுதினார், ஒருவர் படம் வரைந்தார், ஒருவர் யோசனை சொன்னார், நாலாமவர் தேநீர் வாங்கி வந்தார். ஆறு மாதம் கழித்து இருவர் மட்டும் கம்பெனி தொடங்கினால் மற்ற இருவரின் நிலை என்ன? கல்லூரிக்கும் உரிமை உண்டா? ஒவ்வொரு கல்லூரிக்கும் இதற்கென விதி இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலீட்டாளர் காசோலை எழுதுமுன் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. இதற்கு நாலு வரியில் எழுதி நாலு பேரும் கையெழுத்திட்ட தாள் இருந்தால் பின்னால் எவ்வளவோ சண்டை மிச்சம்.

நம் மாநிலத்தில் துணிகர முதலீட்டால் வளர்ந்த மென்பொருள் கம்பெனிக்கு எடுத்துக்காட்டு ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-ல் சென்னையில் தொடங்கி, மறு ஆண்டு முதல் முதலீடு பெற்று, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பிடித்தது. அதைத் தொடங்கியவர்கள் மாணவர்கள் அல்லர். ஸோகோ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அந்த ஸோகோவோ 1996-லிருந்து துணிகர முதலீடு எதுவும் வாங்காமல், சம்பாதித்ததைக் கொண்டே வளர்ந்தது! ஒரே ஊர், ஒரே தொழில், எதிரெதிரான இரண்டு வழிகள்.

ஈரோட்டு மாணவருக்குக் கூகுளின் திண்ணை கிடைக்காது. ஆனால் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியிலும், கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்கள் இருக்கின்றன. மாதிரிக் கருவி செய்து பார்க்க 10 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் 'பிரயாஸ்' என்ற திட்டத்தை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கொண்டுவந்தது. அது மேலே சொன்ன மூன்றில் எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

பிளாஸ்டிக் கட்டைப் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதையும் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் ஓர் அலமாரியில்தான் வைத்தார்கள். கண்ணாடி அலமாரி, பார்க்க வருகிறவர்களுக்காக.